வாவிக்கு நீ சொன்ன உவமை

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பதைப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கன்னம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, தாடியும் வைத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கச் சந்திக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணன், உங்கட பொடியன் பெரிய ஆளாயிற்றான், இஞ்ச பாருங்க" என்றார். உன் நாவல் வரப்போகிறதாம், அதன் முதல் பக்கம் இதுவாம். பக்கத்திலேயே ஒரு விமர்சகர் உன்னைப் புகழ்ந்து எழுதியிருந்தார். எனக்குப் பிடிபடாத சந்தோசம். பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை வாசலிலேயே நின்று வாசிக்கத் தொடங்கினேன். முதல் வசனத்துக்கு மேலே போக முடியவில்லை.

அந்த வசனத்தை இங்கே எழுதுகிறேன். உன்னுடையதுதான், என்றாலும் என் கையால் ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. "விடிந்தபோது வாவி, ஊருக்குத் தெரியாமல் ஆற்றுவாயை வெட்டிவிட்டு, அந்த வெள்ளத்தில் செத்தவனின் வீட்டு முற்றத்தில் முதல் ஆளாகப் பந்தற்கால் நட்ட ஒருவனைப் போல, ஒன்றும் அறியாத நல்ல பிள்ளையாகக் கிடந்தது." இதைப் பற்றி விமர்சகர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? மண்ணிலிருந்து முளைத்த புத்தம் புதிய உவமையாம். இப்படி ஒரு மனிதனைக் கற்பனை செய்ய மட்டக்களப்பில் பிறந்தவனால்தான் முடியுமாம். கற்பனை! அந்த மனிதன் பாணோடு கடை வாசலில் நிற்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் அந்த மனிதன். உலகத்தில் அது இரண்டே பேருக்குத் தெரிந்த விசயம். ஒன்று நான், மற்றது நீ.

வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் எடுத்தேன். "அப்பா, வாசிச்சீங்களா? எப்பிடி இருக்கு?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாய். "என்னடா எழுதி வெச்சிருக்காய்?" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று கேட்டாய். "பந்தற்கால்" என்றேன். உடனே, "அப்பா, அது நீங்க இல்ல. அது வெறும் உவமை. ஒரு வசனத்தில வந்து அதிலயே முடிஞ்சு போகுது. உங்கட கதைய நான் எழுதவே இல்ல, நாவல் வேற" என்றாய். "ஆருக்கும் விளங்காது அப்பா" என்றும் சொன்னாய். அடுத்த மாதம் டவுனில் நடக்கும் வெளியீட்டில் முதற்பிரதியை நான்தான் வாங்க வேண்டும் என்றாய், அழுகிற பிள்ளைக்கு டொபி கொடுக்கிற மாதிரி. நான் வரமாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், முன்வரிசைக் கதிரையில் வேறு யாருடைய பேரையாவது ஒட்டிக்கொள்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. என்றாலும் சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு டி, அதாவது அதிவிசேட சித்தி எடுத்தவன், அதை நீ மறந்துவிட்டாய். உவமை என்றால் தெரிந்ததைக் காட்டித் தெரியாததை விளங்கப்படுத்துவது என்று எங்கள் வாத்தியார் சொல்லித் தந்தார். நீ தலைகீழாகச் செய்திருக்கிறாய். வாவியை எல்லாருக்கும் தெரியும். என்னைத்தான் ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாத என்னை எடுத்து, எல்லாரும் நாள்தோறும் பார்க்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தாயே, எதற்கடா? அந்தத் தண்ணீருக்கு அப்படி என்ன அழகு குறைந்துபோயிற்று? என் கதையை முழுதாக எழுதியிருந்தால், அம்மாளாணை, நான் இவ்வளவு வெந்திருக்க மாட்டேன். அதில் என் பயம் வந்திருக்கும், வயல் வந்திருக்கும், மழை வந்திருக்கும். வாசிக்கிறவர்கள் என்னைத் திட்டினாலும் ஒரு மனிதனைத் திட்டியிருப்பார்கள். நீ என் வாழ்நாள் பாவத்தை ஒரு காலைப்பொழுதுக்குப் பொட்டு வைக்க எடுத்தாய். கழுத்தறுத்துவிட்டாய் மகனே, அதுவும் நல்ல தமிழில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ இடத்தை மாற்றியிருக்கிறாய். ஆரையம்பதியில் நம் வீட்டிலிருந்து பார்த்தால் பொழுது வாவிக்குள் விழும், விடிவது முதுகுப் பக்கம், கடலில். நீ வீட்டைத் தூக்கி அக்கரையில் வவுணதீவுப் பக்கம் வைத்துவிட்டு, வாவியிலிருந்து சூரியன் எழும்புவதாக எழுதியிருக்கிறாய். முதலில், பிறந்த வீட்டுத் திசையையே மறந்துவிட்டானே என்று நினைத்தேன். மூன்றாம் முறை வாசித்தபோது விளங்கிற்று. மறைக்கத்தான் மாற்றியிருக்கிறாய். வீட்டை மாற்றினாய், ஊரின் பேரை மாற்றினாய், முற்றத்து முருங்கையைக்கூட வெட்டிவிட்டு மாமரம் நட்டாய். இத்தனையையும் மறைக்கத் தெரிந்த உனக்கு அந்தப் பந்தற்காலைப் பிடுங்கத் தெரியவில்லையா? ஒன்றுக்கு உன்னை மெச்சத்தான் வேண்டும், மட்டக்களப்பு வாவி என்றாலே எல்லாரும் எழுதுகிற மாதிரி மீன் பாடுகிறது என்று எழுதாமல் விட்டாய். நீர்க்காகம் கண்டல் வேரில் நின்று செட்டையை விரித்துக் காயவிடுவதை எழுதிய இடமும் சரியாக இருக்கிறது. நல்லாய்த்தான் எழுதுகிறாய், அதுதான் வயிற்றெரிச்சல்.

இது பகிரங்கக் கடிதம். அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். வாசிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன், நீயும் இன்னொரு தரம் கேள், ஏனென்றால் நீ அதில் ஒரு வசனத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டாய்.

மாரியில் வாவி நிறையும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் திட்டு ஆற்றுவாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். தண்ணீர் ஏற ஏற அக்கரையில் வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகள் ஒவ்வொன்றாக மூழ்கும். வெட்டிவிடுங்கள் என்று வயல்காரர் கத்துவார்கள். வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்று எங்கள் பக்கத்து மீன்பிடிகாரர் கத்துவோம். அதிகாரிகள் கூட்டம் போட்டு நாள் குறிப்பார்கள், ஒவ்வொரு வருசமும் இந்தக் கூத்துத்தான். நான் மீன்பிடிகாரன். ஆனால் உன் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த வயல் அக்கரையில் கிடந்தது. அதனால் எனக்கு இரண்டு கரையிலும் வயிறு. நீ இரண்டாம் வகுப்புப் படித்த அந்த வருசம் மழை விடாமல் கொட்டியது. பயிர் குடலைப் பருவம், இன்னும் பத்து நாளில் கதிர் தள்ளும், அதற்குள் தண்ணீர் நெஞ்சளவு ஏறிவிட்டது. உன் அம்மா வரம்பில் நின்று தண்ணீருக்குள் கையை விட்டுப் பயிரைத் தடவிப் பார்த்து அழுததை நான் பார்த்தேன்.

கூட்டத்துக்கு நானும் என் கூட்டாளி சிவலிங்கமும் ஒரே சைக்கிளில்தான் போனோம். மச்சான் மச்சான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். அவன் எழும்பி, "ஒரு கிழமை பொறுங்க ஐயா, இறால் படுற நேரம், எங்கட வயித்துல அடிக்காதீங்க" என்று கேட்டான். நானும் அவனோடு சேர்ந்து கை உயர்த்தினேன். அக்கரையிலிருந்து கணபதிப்பிள்ளை விதானையார் வந்திருந்தார். எங்கள் வயல் கிடந்த வட்டைக்கு அவர்தான் வட்டை விதானை, தண்ணீர், வேலி, மாடு எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கோபம் வந்து மேசையில் அடித்து, "நீங்க வெட்டாட்டி நான் வெட்டுவன், பாத்துக்கிட்டிருங்க!" என்று கத்திவிட்டு வெளியேறினார். அந்த ஒரு சொல்தான் பிறகு அவர் தலையில் விடிந்தது. கூட்டம் ஒரு கிழமை ஒத்திப்போட்டது.

இரண்டு நாள்தான் பொறுத்தேன். மூன்றாம் நாள் பொழுது படும் நேரம், மழைக்குள், மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆற்றுவாய் கிடக்கிற முகத்துவாரத்துக்குப் போனேன். மழைக்குப் பயந்து ஆள் நடமாட்டமே இல்லை. சிவலிங்கம் அந்தக் கிழமை முழுக்க அங்கேதான் ஓலைக் குடிலாக வாடி அடித்துத் தங்கியிருந்து வலை போட்டுக்கொண்டிருந்தான். அதனால் முதலில் அவனுடைய தோணியைத்தான் தேடினேன். அது வழக்கமாக ஏற்றிவைக்கும் இடத்தில் இல்லை. தோணியோடு வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். அவன் தண்ணீரில் இருக்கலாம், மழையென்று வலையைத் தூக்கப் போயிருக்கலாம் என்று ஒரு கணமும் என் புத்தியில் தட்டவில்லை. தட்டவில்லையா, தட்டவிடாமல் பிடித்துக்கொண்டேனா என்று இப்போது எனக்கே தெரியாது. மணலில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, தண்ணீரே மிச்சத்தை வெட்டிக்கொள்ளும். அது ஓடத் தொடங்கியதும் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

விடிந்தபோது ஆற்றுவாய் பெரிய தெருவை விட அகலமாக இருந்தது. சிவலிங்கத்தின் தோணி கடலில் கவிழ்ந்து கிடந்தது, அவனை இரண்டாம் நாள் கரையில் எடுத்தார்கள். நீ எழுதிய காலை அதுதான், மகனே. வாவி நல்ல பிள்ளையாகக் கிடக்கவே இல்லை. தேத்தண்ணி நிறத்தில் ஆற்றுவாழைச் செடியையும் முறிந்த கொப்புகளையும் இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது, வாடைக் காற்று வேறு. அவனுடைய முற்றத்துக்கு நான்தான் முதலில் போனேன். பந்தல் வேய ஓலைக் கிடுகு என் வீட்டிலிருந்து கொண்டுபோனது. பந்தற்கால் நட்டதும் நான்தான். வந்தவர்கள் எல்லாரும் விதானையார்தான் வெட்டியது என்றார்கள், சொன்னபடி செய்துவிட்டான் பாவி என்றார்கள். நான் கிடுகைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. உன் அம்மாவின் வயல் தப்பிவிட்டது, அந்த வருசம் நல்ல விளைச்சல். விதானையார் பொலிசிலும் கோயிலிலும் சத்தியம் பண்ணிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதன் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு வந்ததே இல்லை.

சிவலிங்கத்தின் பெண்சாதி பூமணியையும் ஒன்பது வயது வதனியையும் அன்றிலிருந்து நான்தான் பார்த்தேன். பூமணி என்னை அண்ணன் என்று கூப்பிடும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். உன் அம்மா வயலுக்குப் போன நாளெல்லாம் நீ பூமணி கையால் சாப்பிட்டுத்தான் வளர்ந்தாய். வதனியை அக்கா அக்கா என்று சுற்றித் திரிந்தாய். உனக்கு முதன்முதலில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டியது அவள்தான், நான் இல்லை. இதெல்லாம் உன் முதல் பக்கத்தில் இல்லை.

உனக்கு நான் சொன்னது நாலு வருசத்துக்கு முன், அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள். ஞாபகம் இருக்கும். திவசச் சமையலுக்கு இரவல் வாங்கிய கிடாரங்களை வாவிக் கரையில் குந்தியிருந்து சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம், நீயும் நானும் மட்டும். அவள் போன பிறகு அந்த வயலை யாருக்காகக் காப்பாற்றினேன் என்ற நினைப்பு என்னைத் தின்றுகொண்டிருந்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது. நீ தேய்ப்பதை நிறுத்திவிட்டு, சாம்பல் கையாலேயே என் கையைப் பிடித்து, "அப்பா, இது என்னோட போகும்" என்றாய். இருபது வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன். பெற்ற பிள்ளையை நம்பினேன். உன்னோடு போகும் என்றாயே, இன்றைக்கு அது ஞாயிறு பேப்பரோடு நாடு முழுக்கப் போயிருக்கிறது.

இப்போது நான் செய்த இரண்டாவது பாவத்தைச் சொல்கிறேன், அது முதலாவதை விட எனக்கு வெட்கம். மூன்று வருசத்துக்கு முன் விதானையாரின் வீட்டார் வதனியைப் பெண் கேட்டு வந்தார்கள். விதானையாரின் மகனுக்குச் செங்கலடியில் வேலை, வதனியும் அங்கேதான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போய்வந்து ஒருத்தரை ஒருத்தர் விரும்பியிருக்கிறார்கள். பூமணி வந்தவர்களுக்குத் தண்ணி கூடக் கொடுக்கவில்லை. "என்ட புருசனைக் கடலுக்குக் குடுத்த வீட்டுக்கு என்ட புள்ளையையும் குடுக்கவா?" என்று வாசலில் நின்று கத்தினாள். அன்று பின்னேரம் வதனி என்னிடம் ஓடிவந்தாள். "மாமா, அம்மா உங்கட சொல்லைத்தான் கேப்பா, ஒருக்காச் சொல்லுங்க" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். ஒரு வார்த்தை, மகனே. ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மாட மனச நோகப் பண்ணாத புள்ள" என்றேன். அந்தப் பொடியன் போன தையில் வேறு இடத்தில் கலியாணம் முடித்துவிட்டான். வதனிக்கு முப்பத்துமூன்று ஆகிவிட்டது, அதற்குப் பிறகு வந்த ஒரு பேச்சுக்கும் அவள் தலை ஆட்டவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை உன் வசனத்தை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம், அடுத்தது பயம். இதைப் பூமணி கேட்டால் என்ன ஆகும்? என்னைக் கேலி செய்ய வந்தது போல வதனி ஒழுங்கையில் எதிர்ப்பட்டாள். கையில் அதே பேப்பர். "மாமா, தம்பிட நாவல் வந்திருக்கு! பின்னேரம் வீட்ட வாங்க, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டப் போறன்" என்றாள். பூமணிக்குக் கண்ணில் புரை எடுத்து ஒரு கிழமைதான் ஆகிறது, கட்டுப் போட்டிருக்கிறது, வாசிக்க முடியாது. போய் அந்தப் பேப்பரை எப்படியாவது வாங்கிவிடுவது என்று மதியம் முழுக்க யோசித்தேன். தேத்தண்ணியைத் தட்டி ஊற்றிவிடலாமா என்று கூட நினைத்தேன். வயது போன நேரத்தில் எனக்கு வந்த புத்தியைப் பார்.

போனேன். "பேப்பரைத் தா புள்ள, நான் இன்னும் வடிவாப் பாக்கல்ல" என்று கேட்டேன். "நீங்களும் இருந்து கேளுங்க மாமா" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். பூமணி சுவரில் சாய்ந்து, கண்ணில் கட்டோடு, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "வாசி புள்ள, என்ட தம்பிப் புள்ள என்ன எழுதியிருக்கான் எண்டு கேப்பம்" என்றாள். வதனி வகுப்பில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, அழகாக வாசித்தாள். அந்த வசனம் முடிந்ததும் பூமணி கையைத் தட்டிச் சிரித்துவிட்டாள். "என்ட அம்மாளே! இப்பிடியும் ஒருத்தன் இருப்பானோ அண்ணன்? இவனுக்கு எங்கயிருந்துதான் வருதோ இந்தக் கற்பனையெல்லாம்!" என்றாள்.

நீ சொன்னது சரிதான், அவளுக்கு விளங்கவில்லை. என்னைத் தவிர ஒருவனையும் அந்த இடத்தில் பொருத்திப் பார்க்க முடியாத அளவுக்கு எல்லாம் அதில் இருந்தது. அவளுடைய வாசல், அவளுடைய புருசன், நான் நட்ட கால். அப்படியிருந்தும் அவள் மனதில் சந்தேகத்தின் நிழல் கூட விழவில்லை, அவ்வளவு நம்பியிருக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வாயும் சிரிக்கத்தான் போயிற்று. எப்படி மாறிச் சொன்னேன் என்று தெரியாது. "இருக்கான் தங்கச்சி. அது நான்தான்" என்றேன்.

பூமணி சிரிப்பை நிறுத்தவில்லை, நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். நான் மண்வெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் அவள் முகம் மாறியது. திட்டுவாள், தூ என்று துப்புவாள் என்று காத்திருந்தேன். கடைசியில் கட்டுப் போட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பி, "அண்ணன், அவர் தண்ணிக்குள்ள கத்தினது உங்களுக்குக் கேட்டதா?" என்றாள். "இல்ல தங்கச்சி, நான் சைக்கிள்ல போயிற்றன்" என்றேன். "கேட்டிருந்தா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வதனி பேப்பரை மடித்து மடியில் வைத்திருந்தாள். அவள் கேட்டது தகப்பனைப் பற்றி இல்லை. "தம்பிக்கு இது எப்ப தெரியும் மாமா?" என்று கேட்டாள். நான் ஒளிக்காமல், உன் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு மறுநாள், நாலு வருசம் என்றேன். "அவங்க என்னைக் கேட்டு வந்தது அதுக்கு அடுத்த வருசம்" என்றாள். அவள் ஏன் கணக்குப் பார்க்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. "அண்டைக்குத் தம்பி லீவுல வந்து நிண்டவன். உங்களிட்டக் கேட்டுப் போட்டு நான் அவனிட்டத்தான் போனன். அடுத்த நாள் காலைல பள்ளிக்கூடம் போக அவன்தான் என்னை மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய் பஸ்ஸுக்கு விட்டவன். வழியெல்லாம் அழுதுகொண்டு போனன் மாமா. நான் என்னடா செய்ய எண்டு கேட்டன். அம்மாட மனச நோகப் பண்ணாதக்கா எண்டான். நீங்க சொன்ன அதே சொல்லு" என்றாள்.

இது எனக்குத் தெரியாது, மகனே. நீ என்னிடம் சொல்லவில்லை. என் ரகசியத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாய் என்று நீ சொல்லலாம். இருக்கட்டும். அன்றைக்கு வாயை மூடினது எனக்காக என்றால், இன்றைக்கு வாயைத் திறந்தது யாருக்காக? அவள் வாழ்க்கைக்கு உதவாத உண்மை உன் முதல் பக்கத்துக்கு உதவியிருக்கிறது. உன்னை வஞ்சகன் என்று திட்டித் தீர்க்கத்தான் மனதுக்குள் இந்தக் கடிதத்தை ஞாயிறு காலையிலேயே எழுதத் தொடங்கினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதை நீ வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அவள் முன்னால் இருந்தபோது யார் யாருக்குச் செய்த வஞ்சகம் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

நேற்று அக்கரைக்குப் போய் விதானையாரைப் பார்த்தேன். எண்பது வயது, காது மந்தம். உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது, அயலுக்கெல்லாம் கேட்டது. கேட்டுவிட்டு, "எழுதித் தா" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இது பத்திரிகைக்குப் போகிறது. ஆற்றுவாயை வெட்டியவர் கணபதிப்பிள்ளை விதானையார் இல்லை. வெட்டியது நான். நீ வெளியீட்டை வை, தள்ளிப்போடு, உன் இஷ்டம். ஆனால் அதற்கு முதல் ஒரு நாள் வந்து பூமணி வீட்டு வாசலில் நில். உள்ளே கூப்பிடுவார்கள் என்று நான் வாக்குத் தர முடியாது, என்னை இன்னும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூமணி வீட்டிலிருந்து புறப்பட நான் எழும்பியபோது வதனி உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "தம்பியை அந்த வசனத்தை அழிக்கச் சொல்லாதீங்க மாமா, அது நல்லாத்தான் இருக்கு. அதில ஒருவனைப் போல எண்டு போட்டிருக்கான். ரெண்டு பேரைப் போல எண்டு திருத்தச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, தாய்க்குக் கண்ணுக்கு மருந்து விடுகிற நேரமாயிற்று என்று உள்ளே போனாள்.

உன் அப்பா